நிபந்தனை வள்ளல் ஆற்றுப்படை

பாரி வள்ளலைப் பற்றிப் பள்ளியில் படித்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல். கொழுகொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனாராம். போகுமுன் அந்தக் கொடியிடம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டாமா? எந்தத் திசையில் படர வேண்டும், எந்த மாதம் பூக்க வேண்டும், பூத்தபின் பந்தலுக்கு யார் பெயரைச் சூட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேகன் இன்னும் மோசம். மயிலுக்குக் குளிருமே என்று போர்வையைக் கொடுத்தவர், அதில் தம் திருவுருவத்தையும் திட்டத்தின் பெயரையும் பொறிக்க மறந்தார். நிர்வாகம் தெரியாத இந்த அப்பாவிகளை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். புது தில்லியில் இன்று கொலுவீற்றிருக்கும் பெருங்கொடையாளர்களின் அருமை நமக்கு உறைக்காமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சங்கப் புலவர்கள் செய்த உருப்படியான காரியம் ஆற்றுப்படை. யானையும் பொன்னுமாகப் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், ஒட்டிய வயிறோடு எதிரே வரும் பாணனை நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன மன்னனைப் பார், இப்படிப் பாடு என்று சொல்லி அனுப்புவான். நிதி வேண்டித் தில்லிக்கு நடையாய் நடக்கும் மாநிலங்களுக்கு அப்படி வழிகாட்ட ஒரு நாதியும் இல்லையே என்ற இரக்கத்தால் அந்தப் பொறுப்பை நானே தலைமேல் கொள்கிறேன்.

இதற்கு முலுண்டைவிடப் பொருத்தமான இருக்கை கிடையாது. மும்பையின் வடகிழக்கு வாசல் எங்கள் ஊர். லால் பகதூர் சாஸ்திரி மார்க் தானே எல்லையைத் தொடும் இடத்தில் செக் நாக்கா. 2017 ஜூன் முடிய, மும்பைக்குள் நுழையும் சரக்குக்கு மாநகராட்சி இங்கே ஆக்ட்ராய் வாங்கியது. லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நகரத்து நாக்காக்கள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாயை மாநகராட்சிக் கல்லாவில் போட்டன. தன் ஊர்ப் பணத்தைத் தானே வாங்கித் தானே செலவழிக்கும் அந்த அநாகரிகத்தை 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்து துடைத்தெறிந்தது. இப்போது அந்தப் பணத்துக்கு ஈடாக மாநில அரசின் திருக்கரத்திலிருந்து இழப்பீடு வருகிறது. முதல் காசோலையைத் தர மாநில நிதியமைச்சரே மாநகராட்சித் தலைமையகத்துக்கு எழுந்தருளினார். 600 கோடிக்கு மேற்பட்ட அந்தத் தாளைச் சுற்றிச் சிவசேனைக்காரர்களும் பா.ஜ.க.வினரும் போட்டி போட்டு முழக்கமிட்டார்கள். ஆக்ட்ராய் காலத்தில் இந்தக் கோலாகலம் ஒருநாளாவது உண்டா? லாரி டிரைவர் வரி கட்டினால் யார் கோஷம் போடுவார்கள்?

எந்த மெய்க்கீர்த்தியும் தலைவரின் இளம்பருவத்திலிருந்து தொடங்குவதுதான் முறை. மாண்புமிகு நரேந்திர மோடி அவர்கள் குஜராத் முதல்வராக இருந்த காலத்தில் மாநில உரிமைக்கு அவரைப் போன்ற காவலர் பாரதத்தில் இல்லை. குஜராத் ஆண்டுக்கு 60,000 கோடியைத் தில்லிக்குக் கொடுக்கிறதே, திரும்பி வருவது என்ன, நாங்கள் பிச்சைக்கார மாநிலமா என்று 2012 தேர்தல் நாட்களில் அவர் கேட்ட கேள்வியில் சபர்மதி கொந்தளித்தது. பயங்கரவாதத் தடுப்புக்குத் தேசிய மையம் ஒன்றை மன்மோகன் சிங் அரசு கொண்டுவர முயன்றபோது, மாநில அதிகாரத்தில் கைவைக்காதே என்று தடுத்த முதல்வர்களில் அவர் முன்வரிசை. ஜி.எஸ்.டி.யையும் அவரது அரசு எதிர்த்தது. பிறகு 2014 மே மாதம் வந்தது. தில்லியின் நாற்காலியில் அமர்ந்ததும் அவருக்குக் கிட்டிய ஞானத்தை என்னென்பது! 2017 ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் அதே ஜி.எஸ்.டி.யை விழாவெடுத்துத் தொடங்கிவைத்தார். 2024 பிப்ரவரி 7 அன்று கர்நாடக முதல்வர் சித்தராமையா ஜந்தர் மந்தரில் அமர்ந்து எங்கள் வரிப்பணம் எங்கே என்று கேட்டபோது, எங்கள் வரி, எங்கள் பணம் என்று பேசுவது நாட்டுக்கே ஆபத்து என்று அன்றைக்கே மாநிலங்களவையில் மனம் வருந்தினார். சாமானியர்கள் ஒரே கருத்தை வாழ்நாள் முழுவதும் சுமந்து முதுகு வளைந்து போகிறார்கள். பெரியோர்க்கு அந்தச் சிரமம் இல்லை. நாற்காலி மாறினால் கருத்து தானாகவே மாறி அமர்கிறது.

அவர் கொடையில் குறை வைத்தவர் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். மாநிலங்களின் வரிப் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக்குங்கள் என்று 14ஆவது நிதிக்குழு சொன்னதை 2015இல் உலகறிய ஏற்றார். பங்கு கொடுக்கத் தேவையில்லாத செஸ், சர்சார்ஜ் என்ற இரண்டு தங்கப் பிள்ளைகளையும் பாசத்தோடு வளர்த்தார். மொத்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியிருந்த அவை, பத்தாண்டுகளுக்குள், 2020-21இல், ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டன. பந்தியில் இலையைப் பெரிதாக்கிப் பாத்திரத்தைச் சிறிதாக்கினால் விருந்தாளிக்கும் மகிழ்ச்சி, சமையல்காரருக்கும் மகிழ்ச்சி. ஜி.எஸ்.டி.யால் வருவாய் குறைந்தால் ஐந்தாண்டுக்கு ஈடு தருவோம் என்று சட்டம் போட்டுக் கொடுத்த வாக்கு 2020இல் கொரோனாவில் தடுமாறியபோது, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அதைக் கடவுளின் செயல் என்றார். மாநிலங்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற வழியும் காட்டப்பட்டது. மாநிலங்கள் கைகுலுக்கியது தில்லியோடு. குறுக்கே வந்தது கடவுள். பக்தி மிக்க நாட்டில் கடவுள்மேல் யார் வழக்குப் போடுவார்?

இனி மகுடத்தின் மணிக்கு வருகிறேன். பள்ளிக் கல்விக்கென்று 2018 முதல் சமக்ர சிக்ஷா என்றொரு திட்டம். நூறு ரூபாயில் அறுபது தில்லியுடையது, நாற்பது மாநிலத்துடையது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், பள்ளியை விட்டு நின்ற பெண் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி, ஆசிரியர் பயிற்சி, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இருபத்தைந்து விழுக்காடு ஒதுக்கீட்டில் சேரும் ஏழைப் பிள்ளையின் கட்டணம் என்று அதன் கிளைகள் பல. 2022 செப்டம்பரில் பி.எம். ஸ்ரீ என்று வேறொரு திட்டம் பிறந்தது. நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்குவது அதன் நோக்கம். சேர விரும்பும் மாநிலம் பள்ளிப் பெயரின் முன்னால் அந்தத் திருநாமத்தை இட வேண்டும்; 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக நிறைவேற்றுகிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். விருப்பமில்லாத மாநிலம் ஒதுங்கிக்கொள்ளலாம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒதுங்கிய மாநிலத்துக்கு முதலாவது திட்டத்தின் பணம் வராது, அவ்வளவுதான்.

இந்த நுட்பத்தை ரசிக்க அர்த்தசாஸ்திரம் கற்ற மனம் வேண்டும். ஒரு திட்டத்தில் சேராத குற்றத்துக்கு அந்தத் திட்டத்தின் பணத்தை நிறுத்துவது எந்த மூன்றாந்தர மந்திரிக்கும் தோன்றும். வேறு திட்டத்தின் பணத்தை நிறுத்துவதுதான் ராஜதந்திரம். 2024-25இல் தமிழ்நாட்டுக்குச் சமக்ர சிக்ஷாவில் ஒப்புதல் தந்த தொகை 3,586 கோடி ரூபாய். தில்லியின் பங்கு 2,152 கோடி. அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பணம் தில்லியிலேயே பத்திரமாக இருந்தது. எல்லா மாநிலத்துக்கும் கொடுத்துவிட்டால் கொடுப்பதன் மதிப்பு என்ன ஆகும்? தமிழ்நாடோ நன்றி கெட்டுப் போய், 2025 மே மாதம் அரசமைப்புச் சட்டத்தின் 131ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றப் படியேறியது. 44 லட்சம் மாணவர்கள், 2.2 லட்சம் ஆசிரியர்கள், 32,000க்கு மேற்பட்ட பணியாளர்கள் என்று கணக்குச் சொல்லி, ஆறு விழுக்காடு வட்டியும் சேர்த்து 2,291 கோடி கொடு என்றது. வள்ளலிடம் வட்டி கேட்ட பரிசிலர் இதற்குமுன் தமிழ் இலக்கியத்தில் உண்டா?

எந்த மொழியும் எந்த மாநிலத்தின்மேலும் திணிக்கப்படாது என்று அந்தத் தேசியக் கல்விக் கொள்கையிலேயே அச்சிட்டிருக்கிறது. குறை சொல்பவர்கள் இதைப் படிப்பதில்லை. பிள்ளை மூன்று மொழி கற்க வேண்டும் என்கிறது கொள்கை; எந்த மூன்று மொழி என்பதில் மாநிலத்துக்கும் பிள்ளைக்கும் பூரண சுதந்திரம். மூன்றா இரண்டா என்று கேட்கும் சிறுமைதான் அனுமதிக்கப்படவில்லை. 1968 முதல் இரண்டோடு நிறைவு கண்டு வாழும் ஒரு மாநிலம் இன்னொன்றைக் கற்றால் என்ன நஷ்டம் என்று, இரண்டாவதையே கற்காமல் நிறைவு கண்ட மாநிலங்களிலிருந்து வரும் பெரியவர்கள் உருக்கமாகக் கேட்கிறார்கள். அந்த உருக்கத்தை ஐயப்படும் கல்நெஞ்சம் எனக்கில்லை.

இருபத்தைந்து விழுக்காட்டுப் பிள்ளைகளின் கதை இன்னும் இனிமை. ஏழைப் பெற்றோர் ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பது வழக்கம். 2025இல் பணம் வராததால் தமிழ்நாட்டில் சேர்க்கையே தொடங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் பணத்தைக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூனில் சொன்னது. பணம் செப்டம்பர் கடைசியில் வந்தது. சேர்க்கை அக்டோபரில் நடந்தது. காலாண்டுத் தேர்வே முடிந்துவிட்டது. பொறுமை என்னும் பெரும் பாடத்தை எல்.கே.ஜி.க்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே கற்றுக்கொடுத்த கல்வித் திட்டம் உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. மாநில அரசும் இதில் பங்களிக்காமல் இல்லை. முதலில் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு தில்லியோடு வழக்காடலாம் என்ற மலிவான யோசனைக்கு அது இடம் தரவில்லை. பிள்ளைகளின் கண்ணீர் கலந்தால்தான் மனுவுக்குக் கனம்.

தமிழ்மேல் தில்லிக்குள்ள காதலையும் ஓர் இடத்தில் சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரியில் அந்த ஆண்டின் காசி தமிழ்ச் சங்கமம் தொடங்கியது. உலகின் தொன்மையான மொழி என்று தமிழுக்குத் தூபமும் தீபமும் காட்டிய அதே நாட்களில், அதே வாரணாசியில், கல்வியமைச்சர் தர்மேந்திர பிரதான் அவர்கள் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டுக்கு நிதி இல்லை என்பதைத் தெளிவாக்கினார். கங்கைக் கரையில் எதைக் கைவிட்டாலும் புண்ணியம்தானே. மார்ச் 10 அன்று மக்களவையில் அவர் தமிழக உறுப்பினர்களை நாகரிகமற்றவர்கள் என்று அருளினார்; எதிர்ப்பு எழுந்ததும் சொல்லைத் திரும்பப் பெற்றார். கேட்ட மாத்திரத்தில் அவர் திருப்பித் தந்தது இந்த வரலாற்றிலேயே அது ஒன்றுதான் என்பதால் அதைக் கல்வெட்டில் பொறிக்கலாம்.

புகழை ஒருவருக்கே சூட்டி மற்றவர்களை வாட விடுவது ஓரவஞ்சனை. தமிழ்நாட்டு அரசுக்கும் ஒரு மாலை இருக்கிறது. 2024 மார்ச் 15 அன்று, அதாவது மக்களவைத் தேர்தல் தேதிகள் வெளியாவதற்கு முந்தின நாள், தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் தில்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். பி.எம். ஸ்ரீ பள்ளிகளில் தமிழ்நாட்டுக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஒரு குழு அமைத்திருக்கிறோம். அதன் பரிந்துரைப்படி கல்வியாண்டு தொடங்குமுன் ஒப்பந்தம் போடுவோம் என்ற அளவுக்கு அதில் பணிவு மணந்தது. குழு கூடியது, கொள்கையை ஏற்க முடியாது என்றானது, பிறகு ஊரெல்லாம் சுயமரியாதை முரசு கொட்டியது. ஓராண்டு கழித்துப் பிரதான் அந்தக் கடிதத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஆர்வத்தைக் கோப்பிலும் எதிர்ப்பை மேடையிலும் தனித்தனியே பாதுகாப்பதற்கு எத்தனை நிர்வாகத் திறமை வேண்டும்!

கேரளத்தின் பெருமை இதற்கும் ஒரு படி மேல். தில்லியின் கல்விக் காவிமயத்தை ஆண்டுக்கணக்கில் கண்டித்த இடது முன்னணி அரசு, சுமார் 1,500 கோடி நின்றுபோன நிலையில், 2025 அக்டோபரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. கூட்டணித் தோழரான இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சிக்கே தகவல் வெளியிலிருந்து வந்து சேர்ந்ததாக அவர்கள் குமுறினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவிப்பும் வந்தது. எதிர்த்து, ஏற்று, நிறுத்தி என்று வேறு மாநிலங்கள் பல ஆட்சிகளில் செய்யும் பயணத்தை ஒரே அமைச்சரவை முடித்துக் காட்டியது.

தில்லிக்கு இந்தக் கலை சொந்தச் சரக்கு அல்ல என்று வெளிநாட்டு அபிமானிகள் சொல்லக்கூடும். உண்மைதான். அமெரிக்காவில் 1980 தேர்தலில் மாநில உரிமையே என் மூச்சு என்று வந்த ரொனால்டு ரீகன், 1984இல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. தெற்கு டக்கோட்டா வழக்குத் தொடுத்து 1987இல் தோற்றது. ஆனால் ரீகனிடமும் ஒரு சிறுமை இருந்தது. சாலையில் விபத்து குறைய வேண்டும் என்பதற்காகச் சாலைப் பணத்தில்தான் கைவைத்தார். அதிலும் நூற்றில் ஐந்து, பத்து என்று பிசுக்கினார். முழுத் தொகையையும் நிறுத்தும் தாராளம் பாரத மண்ணுக்கே உரியது.

மகாராஷ்டிரத்தில் வாழும் பாக்கியம் பெற்றதால் அடுத்த அற்புதத்தை நேரில் கண்டேன். 2025 ஏப்ரல் 16 அன்று தேவேந்திர ஃபட்னவிஸ் அரசு, மராத்தி, ஆங்கிலவழிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் இந்தி கட்டாய மூன்றாம் மொழி என்று ஆணை போட்டது. ஊர் கொதித்தது. ஜூனில் கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொதுவாக இந்திதான், வேறு மொழி வேண்டுமானால் வகுப்புக்கு இருபது பேர் சேர்ந்து வாருங்கள் என்று திருத்தினார்கள். ஜூன் 29 அன்று இரண்டு ஆணைகளையும் திரும்பப் பெற்று, ஒரு குழுவைப் போட்டார்கள். அந்த வெற்றியைக் கொண்டாட ஜூலை 5 அன்று வொர்லியில் தாக்கரே சகோதரர்களான முன்னாள் முதல்வர் உத்தவும் ராஜும் பல ஆண்டுப் பகை மறந்து ஒரே மேடை ஏறினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்தி என்ற பரிந்துரையை உத்தவ் அரசே 2022 ஜனவரியில் அமைச்சரவையில் ஏற்றதே என்று ஃபட்னவிஸ் தரப்பு நினைவூட்டியது. அதை ஆராயத்தான் ஏற்றோம் என்று உத்தவ் தரப்பு விளக்கியது. இரு தரப்பின் நினைவாற்றலுக்கும் வணக்கம். இதில் என் உள்ளம் குளிர்ந்த இடம் வேறு. இந்தி ஆணையை ஒரு மாநிலம் மடித்து உள்ளே வைத்தது. தில்லியின் கருவூலம் முகம் சுளிக்கவே இல்லை. தமிழ்நாட்டில் நாட்டின் ஒற்றுமைக்கே கேடாகத் தெரிந்தது, மகாராஷ்டிரத் தலைமைச் செயலகமான மந்திராலயாவில் மாநில மக்களின் உணர்வுக்கு மதிப்பளிப்பதாகத் தெரிந்தது. ஒரே பொருளை இடத்துக்கேற்ப இரண்டாகக் காணும் திருக்கண் எல்லோருக்கும் வாய்க்காது. (மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. வீட்டில் தமிழ், வார்டு ஆபீசில் மராத்தி, ரிக்‌ஷாவில் இந்தி என்று எந்த அரசாணையும் இல்லாமல் நாங்கள் வாழ்ந்துவிட்டோம். வழிகாட்டுவார் இல்லாத காலம் அது.)

முலுண்டுக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டினால் உப்பளங்கள். காஞ்சூர்மார்க்கில் மெட்ரோவுக்குக் கார்ஷெட் கட்ட உத்தவ் அரசு 2020இல் நிலம் ஒதுக்கியது. அது மத்திய அரசின் உப்புத்துறைக்கு உரிய நிலம், தொடாதே என்று தில்லி தடுத்தது. அந்த டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஒவ்வொரு உப்புக் கல்லையும் தன் கண்மணியாகக் காத்த தில்லியின் விழிப்பு அன்று எங்களை நெகிழ வைத்தது. 2022இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. பிறகு காஞ்சூர்மார்க் நிலம் வேறொரு மெட்ரோ பாதைக்குக் கிடைத்தது. 2024இல் தாராவி மறுசீரமைப்புக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் உப்பளங்களில் 255.9 ஏக்கரை மாநிலத்துக்குத் தரவும் வழி பிறந்தது. எங்கள் முலுண்டின் பங்கு 58.5 ஏக்கர். நிலம் அதே நிலம், உப்பு அதே உப்பு. இதயம்தான் இளகியிருந்தது.

தில்லி மாநிலத்திடம் காட்டும் பரிவை மாநிலம் தன் கீழுள்ளவர்களிடம் காட்டாவிட்டால் அது பெற்ற பரிசிலுக்கே இழுக்கு. மும்பை மாநகராட்சிக்கு 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. 2026 ஜனவரி வரை தேர்தல் என்னும் தொல்லை இல்லாமல் நிர்வாக அதிகாரி ஒருவரே எங்களை ஆண்டார். அந்தப் பொற்காலத்தில், மாநகராட்சிப் பணத்திலிருந்து தொகுதி வேலைகளுக்கு எம்.எல்.ஏ.க்கள் நிதி கேட்கலாம் என்று 2023இல் வழி வகுத்தார்கள். பொறுப்பு அமைச்சரின் ஒப்புதல் தேவை. ஆளும் கூட்டணியின் 21 பேருக்கு 500 கோடிக்கு மேல் அனுமதி கிடைத்தது, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை என்று 2024 ஜனவரியில் ஓர் ஆங்கில நாளேடு ஆவணங்களோடு எழுதியது. முலுண்ட் தொகுதி ஆளும் கட்சியையே தேர்ந்தெடுக்கும் புண்ணிய பூமி. தாராவியோ அப்போது காங்கிரஸ் எம்.எல்.ஏ.வை வைத்திருந்தது. சாக்கடைக்கு இல்லாத கட்சிப் பற்றை அதன்மேல் நடப்பவர்களாவது கற்றுக்கொள்ள வேண்டாமா? வேற்று மாநில உரிமைக்காகக் கண்ணீர் விடும் பெருமக்கள் இதைப் பற்றி வாய் திறவாமல் காத்த கண்ணியமும் போற்றத் தக்கதே.

காங்கிரசை மறந்தால் பாவம் சேரும். இன்று கூட்டாட்சியின் காவலாகக் கொடி பிடிக்கும் இந்தப் பேரியக்கம்தான் அவசரநிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலில் வைத்தது. அந்தக் கைங்கரியம் இல்லாவிட்டால் இன்றைய வள்ளல் எதை வைத்து நிபந்தனை போடுவார்? அதே ஆண்டு ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசையும் கலைத்தது. தி.மு.க.வின் பெருந்தன்மை அதைவிடப் பெரிது. 1969இல் ராஜமன்னார் குழு, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம் என்று உரிமை முழக்கத்துக்கே இலக்கணம் வகுத்த கட்சி, 1996 முதல் 2013 வரை சிறு இடைவெளிகள் தவிர எல்லாக் கூட்டணியோடும் மத்திய அமைச்சரவையில் வீற்றிருந்தது. பறிபோன கல்வியைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆதரவு என்று கூட்டாளிகளின் மனத்தை அது ஒருநாளும் புண்படுத்தவில்லை. நீட் தேர்வுக்கான அறிவிக்கை 2010 டிசம்பரில், அது பங்கு வகித்த அரசின் காலத்தில்தான் வெளியானது. 2025 ஏப்ரலில் மாநில சுயாட்சியை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்த அதே வேளையில், தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் ஜனவரி 5 முதல் தேர்தலின்றித் தனி அலுவலர்களின் கையில் நிம்மதியாக உறங்கின. சென்னை மாநகராட்சி அ.தி.மு.க. ஆட்சியில் 2016இல் உறங்கப் போய் 2022இல்தான் கண் விழித்தது. உறங்க வைப்பதில் கழகங்களுக்குள் பேதமில்லை.

ஆகவே, பரிசில் நாடிச் செல்லும் மாநிலமே, வழி சொல்கிறேன், கேள். புறப்படுமுன் உன் சட்டைத் துணியின் நிறத்தைப் பார்த்துக்கொள். பொருந்தினால் மற்ற எதுவும் தேவைப்படாது. பொருந்தாவிட்டால் ஒரு பெயர்ப்பலகையும் கொஞ்சம் வண்ணமும் எடுத்துக்கொள். மேற்கு வங்கத்தின் மருத்துவ நிலையங்களுக்கு எந்த நிறம் பூசினார்கள் என்ற கேள்வியில் சுகாதார நிதி நின்றுபோனதை 2023இல் பார்த்தோம். பஞ்சாபும் கிளினிக்குக்குத் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்துத் தவித்தது. அவையில் நுழைந்ததும் கணக்கைச் சொல்லாதே. கணக்குச் சொல்வது வள்ளலை அவமதிப்பது. எங்கள் பணம் என்ற சொல் நாவில் வந்தால் கடித்துக்கொள். அது 2012இல் குஜராத்தியில் மட்டுமே நயமாக ஒலித்தது. சிறப்பாசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது, விடுதிப் பெண்களுக்குச் சாப்பாட்டுக் காசு இல்லை என்பதெல்லாம் மங்கல வேளையில் பேசத் தகாதவை. கையெழுத்துப் போடும் இடத்தை அவர்களே பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள். படிக்க நேரம் கேட்காதே. பெற்றுத் திரும்பும் வழியில் உன் ஊராட்சிக்காரர் யாராவது கையேந்தி எதிரே வந்தால் தயங்க வேண்டாம். பையில் அந்த ஒப்பந்தத்தின் நகல் இருக்கும். தில்லி என்று இருக்கும் இடங்களில் உன் பெயரை எழுதி, அவரிடம் நீட்டு.